பாத்ரூம் டைல்ஸ் இடுக்கில் வெள்ளை பொங்குகிறது: மெஷின் ஆளைக் கூப்பிடலாமா, ஆசிட்டே போதுமா? (அழகாபுரம், சேலம்)

அழகாபுரத்தான் | சனி, காலை 9.40

வணக்கம். வீடு கட்டி ஒன்பது வருஷம் ஆகிறது. மேட்டூர் தண்ணீர் குடிக்கவும் சமைக்கவும் மட்டும்தான். குளிப்பது, துவைப்பது, கழுவுவது எல்லாம் போர் தண்ணீர். சோப்பு நுரைக்கவே நுரைக்காது, தலைக்குக் குளித்தால் முடி தேங்காய் நார் மாதிரி நிற்கும்.

கீழ் பாத்ரூம் தரை டைல்ஸ் காப்பிக்கொட்டை நிறம். இப்போது திருநீறு பூசியது போல இருக்கிறது. பக்கெட் வைக்கும் இடத்தில் வட்டம் வட்டமாக வெள்ளை. இடுக்கிலெல்லாம் பொங்கி நிற்கிறது. ஷவரில் பாதித் துளை அடைத்துப்போய், தண்ணீர் நேராக வராமல் சுவரைப் பார்த்துப் பீய்ச்சுகிறது.

போன தீபாவளிக்கு முன்னால் ஒருவர் வந்து ஆசிட் ஊற்றித் தேய்த்துக் கொடுத்தார். அரை மணி நேரத்தில் புது வீடு மாதிரி ஆகிவிட்டது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். நாலே மாதத்தில் முன்னைவிட மோசம். இப்போது இடுக்கில் நகத்தை வைத்தால் மணல் மணலாக உதிர்கிறது.

மெஷின் வைத்துச் சுத்தம் செய்யும் ஒரு இடத்தில் கேட்டேன். இரண்டு பாத்ரூம், சமையலறை மேடைக்கு மேலே உள்ள சுவர், எல்லாம் சேர்த்து 6,500 சொல்கிறார்கள். கொடுக்கலாமா? அப்பாவுக்கு 78 வயது. அந்தத் தரையில் வழுக்கி விழுந்துவிடுவாரோ என்ற பயம்தான் அவசரப்படுத்துகிறது.

---

குகைப் பொண்ணு | சனி, காலை 10.05

6,500 எல்லாம் எதற்குங்க? மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு வாங்கி வெந்நீரில் கரைத்து, பிளாஸ்டிக் கவரில் ஊற்றி ஷவர் தலையில் கட்டிவிடுங்கள். காலையில் ஊசியால் குத்தினால் திறந்துவிடும். எங்கள் பாட்டி பித்தளைக் குழாய்க்குப் புளிதான் போடுவார். ஆனால் புளியைத் தரை இடுக்கில் மட்டும் தேய்த்துவிடாதீர்கள். நான் செய்து பார்த்துவிட்டு ஒரு மாதம் பழுப்புக் கோட்டோடு வாழ்ந்தேன்.

---

சூரமங்கலம் சந்தேகி | சனி, காலை 10.30

தெருவில் "ஆசிட், பினாயில்" என்று கூவிக்கொண்டு போகிறவரிடம் ஒரு பாட்டில் வாங்கினால் வேலை முடிந்தது. மெஷின்காரர்களும் அதையேதான் ஊற்றுகிறார்கள், டப்பாவில் வேறு லேபிள் ஒட்டி. பணத்தை வீணாக்காதீர்கள்.

---

கெமிஸ்ட்ரி வாத்தியார் | சனி, மதியம் 1.15

சந்தேகி சார், அந்த மாதிரி ஆசிட் பாட்டில்தான் அழகாபுரத்தார் வீட்டு ஜாயிண்டை, அதாவது டைல்ஸ் இடுக்கை அடைத்திருக்கும் சிமெண்டை, தின்றது.

கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். முப்பது வருஷம் வகுப்பில் பேசிய பழக்கம்.

மழைத் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும்போது கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துக்கொண்டு போகிறது. பாறையில் இருக்கும் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பைகார்பனேட்டாகக் கரைத்து எடுத்துவருகிறது. நம் ஊரில் மெக்னீசியத்துக்குப் பஞ்சமில்லை. ஓமலூர் பக்கம் ரயிலில் போனால் வெள்ளை வெளேரென்று சுரங்கக் குவியல் தெரியுமே, அது மேக்னசைட். வெள்ளைக்காரர்கள் அதைப் பார்த்துவிட்டு சாக் ஹில்ஸ் என்று பெயர் வைத்தார்கள். உண்மையில் அது சாக்கும் இல்லை, சுண்ணாம்பும் இல்லை, மெக்னீசியம் கார்பனேட்.

தண்ணீர் தரையில் காய்ந்தால் நீர் மட்டும்தான் ஆவியாகிப் போகும், கரைந்து வந்தது அங்கேயே உட்காரும். ஒரு சின்னக் கணக்கு. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 10500, மொத்தக் கடினத்தன்மை (கரைந்திருக்கும் கால்சியம், மெக்னீசியத்தின் அளவு) லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்கிறது. வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 600 வரை. உங்கள் போரில் 600 என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஆள் குளித்த பின் தரையிலும் சுவரிலும் ஒட்டி நின்று காய்வது ஒரு லிட்டர் என்று வைத்தால், நாலு பேருக்கு ஒரு நாளைக்கு இரண்டரை கிராம் அளவுக்கு. மாதத்துக்கு எழுபது கிராமுக்கு மேல். ஒரு கைப்பிடிச் சுண்ணாம்பை மாதாமாதம் நீங்களே தரையில் தூவுகிறீர்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். படிந்திருக்கும் வெள்ளையும் சுண்ணாம்பு வகை. டைல்ஸ் இடுக்கில் அடைத்திருக்கும் சிமெண்டிலும் சுண்ணாம்பு. ஆசிட்டுக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. மேலே இருப்பதைத் தின்று முடித்துவிட்டுக் கீழே இறங்கும். நுரை பொங்குவதைப் பார்த்து "அழுக்கு வருது பாருங்க" என்று சொல்வார்கள். பாதி நேரம் பொங்குவது உங்கள் ஜாயிண்ட்தான். அது சொரசொரப்பாகி, ஓட்டை ஓட்டையாகி, அடுத்த தண்ணீரை இன்னும் அதிகமாக உறிஞ்சும். நாலு மாதத்தில் முன்னைவிட மோசமானதற்குக் காரணம் வேறு எதுவும் இல்லை.

---

டைல்ஸ் மேஸ்திரி | சனி, மாலை 6.50

வேலை முடித்து இப்போதுதான் பார்த்தேன். வாத்தியார் சொன்னது சரி. அதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். ஒன்பது வருஷத்துக்கு முந்தைய வீடு என்றால் பெரும்பாலும் ஸ்பேசர் (டைல்ஸுக்கு நடுவே இடைவெளி விட வைக்கும் சின்ன பிளாஸ்டிக் துண்டு) வைக்காமல் டைல்ஸை ஒட்ட ஒட்ட வைத்து, மேலே வெள்ளை சிமெண்டைக் கரைத்து இழுத்துவிட்டிருப்பார்கள். நானும் அப்படி நிறைய வீட்டில் செய்திருக்கிறேன், பொய் சொல்லக் கூடாது. வீட்டுக்காரர்களே "கோடு தெரியக் கூடாது" என்பார்கள். மயிரிழை இடுக்குக்குள் வெள்ளை சிமெண்ட் ஆழமாக இறங்கவே இறங்காது, மேலோடு ஒரு தோல் மாதிரி நிற்கும். அதில் ஒரு தடவை ஆசிட் பட்டாலே போச்சு.

அழகாபுரத்தாருக்கு ஒரு கேள்வி. வெள்ளை எங்கெல்லாம் இருக்கிறது? தண்ணீர் தெறிக்கிற இடத்தில் மட்டுமா, இல்லை தண்ணீரே படாத கதவோரம், மூலையிலும் இடுக்கில் வருகிறதா? கையால் தேய்த்தால் மாவு மாதிரி வருகிறதா, கல் மாதிரி ஒட்டி இருக்கிறதா? இது தெரியாமல் யாரையும் கூப்பிடாதீர்கள்.

---

அழகாபுரத்தான் | சனி, இரவு 8.20

அண்ணா, இப்போதுதான் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு வந்தேன். பக்கெட் பக்கத்திலும் சுவரில் இடுப்பு உயரம் வரையிலும் கல் மாதிரி இருக்கிறது. ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டினால்தான் சில்லு சில்லாக வருகிறது. ஆனால் நீங்கள் சொன்ன பிறகு கவனித்தேன். கதவை ஒட்டிய மூலையில் தண்ணீர் படவே படாது, அங்கேயும் இடுக்கில் வெள்ளை. அது பஞ்சு மாதிரி, தொட்டால் உதிர்கிறது. இதை இத்தனை நாள் ஒன்றாகவே நினைத்திருந்தேன்.

---

டைல்ஸ் மேஸ்திரி | சனி, இரவு 8.45

அப்படியென்றால் உங்களுக்கு இரண்டு நோய். சுவரில் இருப்பது உப்புத் தண்ணீர்ப் படிவு, அதை எடுக்கலாம். கதவோரத்தில் இருப்பது கீழிருந்து வருகிறது. பாத்ரூம் தரைக்கு ஸ்லாபைப் பள்ளமாக இறக்கி, செங்கல் ஜல்லி கொட்டி நிரப்பி, அதற்கு மேல்தான் டைல்ஸ் போட்டிருப்பார்கள். அந்த ஜல்லிக்குள் எங்கேயோ தண்ணீர் நிற்கிறது. அது சிமெண்டிலிருந்து உப்பை இழுத்துக்கொண்டு இடுக்கு வழியாக மேலே வந்து காய்கிறது. அதை எந்த மெஷின் எடுத்தாலும் மறுபடி வரும்.

சோதித்துப் பாருங்கள். அந்த பாத்ரூமை இரண்டு நாள் யாரும் உபயோகிக்காமல் காயவிடுங்கள். கதவோரம் இரண்டடிக்கு இரண்டடி கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் ஷீட்டை விரித்து நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். ஷீட்டுக்கு அடியில் முத்து முத்தாக வேர்த்திருந்தால் தண்ணீர் கீழே இருக்கிறது.

---

மெஷின்காரன் | ஞாயிறு, காலை 7.30

நான் இதே தொழிலில் இருக்கிறேன், எந்த இடம் என்று சொல்ல மாட்டேன், விளம்பரம் ஆகிவிடும். சந்தேகி சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை. லேபிளைக் கிழித்துவிட்டு அதே ஆசிட்டை ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒழுங்காகச் செய்தால் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன், அப்புறம் நீங்களே முடிவு பண்ணுங்கள்.

முதலில் ஆசிட் இல்லை, காரம். காரத்தன்மை உள்ள டிக்ரீஸர் (பிசுக்கு எடுக்கும் திரவம்) போட்டு, பத்து நிமிஷம் ஊறவிட்டு, பிரஷ் மாட்டிய சிங்கிள் டிஸ்க் மெஷினை ஓட்டுவோம். இடுக்குக்குத் தனியாக நைலான் பிரஷ். கம்பி பிரஷ் எடுத்தால் அந்த ஆளை அங்கேயே நிறுத்துங்கள். டைல்ஸ் மேலே கீறல் விழும், உதிரும் கம்பித்தூள் துருப்பிடித்து இடுக்கில் செம்பட்டைக் கறையாகும். உங்கள் அப்பா வழுக்குவது உப்பால் இல்லைங்க, சோப்பால். உப்புத் தண்ணீரில் சோப்பு கரையாமல் திரிந்து மெழுகு மாதிரி ஒட்டிக்கொள்கிறது. உப்புப் படிவு சொரசொரப்பு, அதன் மேல் இந்த மெழுகுதான் வழுக்கும். நேராக ஆசிட் ஊற்றினால் இந்த மெழுகு முழுசாகப் போகாது, பிசுபிசுவென்று அங்கேயே கிடக்கும்.

அந்த அழுக்குத் தண்ணீரைத் துடைப்பத்தால் தள்ளக் கூடாது. வெட் வேக்குவம் வைத்து உறிஞ்ச வேண்டும், இல்லாவிட்டால் கரைந்ததெல்லாம் மறுபடி இடுக்குக்குள்ளேயே போய் உட்காரும். என்னைக் கேட்டால் மெஷின் என்று நீங்கள் காசு கொடுப்பது இதற்குத்தான், சுற்றுகிற பிரஷ்ஷுக்கு இல்லை.

அப்புறம்தான் உப்பு எடுப்பது. ஜாயிண்டைத் தண்ணீரால் நன்றாக நனைத்துவிடுவோம், அது வயிறு நிறையக் குடித்திருந்தால் ஆசிட்டை உள்ளே இழுக்காது. தெருவில் விற்கும் ஹைட்ரோகுளோரிக் வேண்டாம். அதன் புகையே ஸ்டீல் குழாயையும் குரோமியப் பூச்சையும் கறுக்கவைத்துவிடும். சல்ஃபாமிக் ஆசிட் பவுடரை லிட்டருக்கு ஐம்பது கிராம் கணக்கில் கரைத்து, யாரும் பார்க்காத மூலையில் ஒரு டைல்ஸில் போட்டுப் பார்ப்போம். நிறம் மங்கவில்லை என்றால்தான் மற்ற இடம். இரண்டு மூன்று நிமிஷம், தேய்ப்பு, உறிஞ்சல். தடித்த படிவு ஒரே தடவையில் போகாது, இரண்டு மூன்று தடவை மெல்ல மெல்ல எடுக்க வேண்டும். அரை மணி நேரத்தில் புது வீடு ஆக்கிக் கொடுத்தால் அங்கேதான் சந்தேகப்பட வேண்டும். கடைசியில் சோடா உப்புத் தண்ணீர் விட்டு மிச்ச ஆசிட்டை முறித்து, நல்ல தண்ணீரில் அலசுவோம். போர் தண்ணீரிலேயே அலசிவிட்டு வந்தால் காய்ந்ததும் மறுபடி வெள்ளைதான், வீட்டுக்காரர் போன் பண்ணித் திட்டுவார். அதனால் நான் இரண்டு குடம் மேட்டூர் தண்ணீர் எடுத்துவைக்கச் சொல்லிவிடுவேன்.

சமையலறை மேடை கிரானைட்டா, கடப்பாவா? கடப்பா சுண்ணாம்புக் கல், மார்பிளும் அதே ஜாதி. எலுமிச்சை உப்புகூடப் படக் கூடாது, பாலிஷ் செத்துவிடும். பழைய மொசைக் தரைக்கும் இதே விதிதான்.

---

கெமிஸ்ட்ரி வாத்தியார் | ஞாயிறு, காலை 8.10

அருமையாக எழுதியிருக்கிறீர்கள். ஒரு எச்சரிக்கை மட்டும் சேர்க்கிறேன். எந்த ஆசிட்டோடும் பிளீச்சிங் பவுடரையோ பிளீச் திரவத்தையோ சேர்க்காதீர்கள். முதலில் ஒன்று, கழுவாமலேயே இன்னொன்று என்றாலும் சேர்ந்த மாதிரிதான். குளோரின் வாயு வரும். கழிப்பறைக்கு ஊற்றும் நீலத் திரவங்களில் பலவும் ஆசிட் என்பதை மறந்துவிடுகிறோம்.

---

குகைப் பொண்ணு | ஞாயிறு, காலை 8.25

சார் சொல்வது நிஜம். என் அத்தை பொங்கலுக்கு முன்னால் அப்படித்தான் இரண்டையும் ஊற்றிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு தேய்த்தார். இருமிக்கொண்டே வெளியே ஓடிவந்து திண்ணையில் உட்கார்ந்தவர், சாயங்காலம் வரை சரியாகப் பேச முடியாமல் கிடந்தார். ஜன்னல் கூட இல்லாத பாத்ரூம்.

---

ஏற்காட்டான் | ஞாயிறு, மதியம் 12.40

கீழே இருப்பவர்கள் உப்பு உப்பு என்கிறீர்கள், எங்களுக்கு மேலே தலைகீழ். ஏரியிலிருந்து கொஞ்சம் தள்ளி நான்கு அறை வைத்து விருந்தினர்களுக்கு விடுகிறேன். ஊற்றுத் தண்ணீர்தான். சோப்பு போட்டால் கழுவக் கழுவப் போகாது, அவ்வளவு மென்மை. குழாயில் ஒரு பொட்டு வெள்ளை இல்லை. ஆனால் இடுக்கெல்லாம் கறுப்பு! ஐப்பசி, கார்த்திகையில் பனி அறைக்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிடும், துண்டு மூன்று நாள் காயாது. மெஷின்காரரே, உங்கள் ஆசிட் இதற்கு உதவுமா? சேலத்திலிருந்து ஒருவரைக் கேட்டேன், இருபது கொண்டை ஊசி வளைவுக்கும் சேர்த்து வாடகை கேட்கிறார்.

---

மெஷின்காரன் | ஞாயிறு, மதியம் 2.00

உதவாது. உங்களுடையது பூஞ்சை. நீராவி மெஷின் உங்களுக்குத்தான், சூட்டில் பூஞ்சை சாகும், எண்ணெயும் போகும். ஆனால் உப்பை அது அசைக்காது. கீழே சிலர் "ஸ்டீம் கிளீனிங்" என்று உப்புக் கறைக்குக் காசு வாங்குவது எனக்கே புரிவதில்லை. நீராவி இல்லையென்றால் ஹைட்ரஜன் பெராக்சைடை இடுக்கில் விட்டுக் கால் மணி நேரம் ஊறவைத்துத் தேய்த்துப் பாருங்கள். ஜன்னலுக்கு மேலே ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் போடாமல் எதைச் செய்தாலும் அடுத்த பனிக்கு மறுபடி வரும்.

இடுக்கு தண்ணீரை உறிஞ்சாமல் இருக்க மேலே பூசும் சீலர் அடிக்கும் எண்ணம் இருந்தால் மழை மாதத்தில் வேண்டாம். ஜாயிண்ட் உள்ளுக்குள் காய்ந்திருக்க வேண்டும். மே மாதக் கோடை விழாக் கூட்டம் வருவதற்கு முன், மார்ச்சிலேயே முடித்துவிடுங்கள்.

---

சூரமங்கலம் சந்தேகி | ஞாயிறு, மாலை 5.15

சரி, ஆசிட்டை வாபஸ் வாங்குகிறேன். ஆனால் என் மூலக் கேள்வி அப்படியே இருக்கிறது. தண்ணீர் அதேதானே வரப்போகிறது? மூலத்தை விட்டுவிட்டுத் தரையைச் சுத்தம் செய்து என்ன பயன்? மச்சான் வீட்டில் குழாயைச் சுற்றி ஏதோ காந்தம் மாட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். உப்பு வராது என்று உத்தரவாதமாம்.

---

கெமிஸ்ட்ரி வாத்தியார் | ஞாயிறு, மாலை 6.00

காந்தத்துக்கு நான் காசு கொடுக்க மாட்டேன். கடினத்தன்மையை எடுக்கும் சாஃப்ட்னர் கருவி என்றால் உள்ளே ரெசின் என்ற சின்னச் சின்ன பிளாஸ்டிக் மணிகள் இருக்க வேண்டும். அது கால்சியம், மெக்னீசியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடும். பிடித்துப் பிடித்து நிரம்பியதும் கல் உப்புத் தண்ணீர் விட்டுக் கழுவினால் மறுபடி வேலை செய்யும். விற்க வருபவர் டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்திருக்கும் மொத்தப் பொருள்களின் அளவு) மீட்டரை நீட்டினால் ஏமாறாதீர்கள். சாஃப்ட்னரில் போய் வந்த தண்ணீரிலும் டி.டி.எஸ். குறையாது, ஏனென்றால் உப்பு மாறுகிறதே தவிர போகவில்லை. கடினத்தன்மைக்குச் சொட்டு விட்டுப் பார்க்கும் கிட் தனியாக இருக்கிறது. குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்திலும் கட்டணம் கட்டினால் பார்த்துத் தருவார்கள்.

வீட்டிலேயே பார்க்க வேண்டுமா? இரண்டு பாட்டில். ஒன்றில் போர் தண்ணீர், ஒன்றில் மழைத் தண்ணீர். இரண்டிலும் ஐந்து சொட்டு சோப்புக் கரைசல், குலுக்குங்கள். மழைத் தண்ணீரில் நுரை கழுத்து வரை ஏறும், போர் தண்ணீர் மோர் மாதிரி கலங்கி நிற்கும். இதைப் பேத்தியிடம் காட்டினேன், அவள் மூன்று நாள் வீட்டிலிருந்த பாட்டிலையெல்லாம் குலுக்கிக்கொண்டிருந்தாள்.

---

அழகாபுரத்தான் | மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, காலை 11.20

யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

பிளாஸ்டிக் ஷீட் ஒட்டி மறுநாள் எடுத்தேன். கதவோரத்தில் ஒட்டியது அடியில் நெற்றி வேர்த்த மாதிரி சொட்டுச் சொட்டாக நின்றது. குழாய்ப் பக்கம் ஒட்டியதில் ஒன்றுமில்லை. பிளம்பரைக் கூப்பிட்டோம். கெய்சருக்குப் போகும் பைப் சுவருக்குள் வளையும் இடத்தில் கசிவு. உடைத்து மாற்ற ஒரு நாள். அதன் பிறகு அந்த மூலை காயவே இரண்டு வாரம் பிடித்தது.

சுத்தம் செய்ய 6,500 சொன்னவர்களிடமே போனில் மூன்று கேள்வி கேட்டேன். முதலில் என்ன போடுவீர்கள், ஓரமாக ஒரு டைல்ஸில் போட்டுக் காட்டுவீர்களா, கடைசியில் எதை வைத்து முறிப்பீர்கள்? "அதெல்லாம் நாங்க பாத்துக்குவோம் சார்" என்றார்கள். வேண்டாம் என்றுவிட்டேன். இரண்டாவதாகக் கேட்ட ஆள் மூன்றுக்கும் பதில் சொன்னார், கூடவே "மேட்டூர் தண்ணி ரெண்டு குடம் வெச்சிருங்க" என்றார். மெஷின்காரரே, அது நீங்களா? வந்தவரிடம் கேட்கலாமா என்று நாக்கு நுனிவரை வந்தது.

ஒரு பாத்ரூமுக்கே மூன்றரை மணி நேரம். வேக்குவம் டிரம்மைத் திறந்து காட்டினார், சாம்பல் நிறத்தில் இட்லி மாவு பதத்துக்கு இருந்தது. சுவர் முழுசாகச் சுத்தமாகிவிட்டது. தரையில் பக்கெட் வட்டம் ஒன்று மட்டும் போகவில்லை. போன தடவை ஊற்றிய ஆசிட்டால் டைல்ஸின் பளபளப்பே போயிருக்கிறது, இது கறை இல்லை, காயம் என்றார். அது அப்படியே இருக்கட்டும்.

இனி மேஸ்திரி அண்ணாவுக்கு ஒரு கேள்வி. உதிர்ந்த ஜாயிண்டை எடுத்துவிட்டு, சிமெண்டுக்குப் பதிலாக எபாக்ஸி என்ற பிசின் கலவையை அடைக்கச் சொல்கிறார்கள். சரிதானா?

---

டைல்ஸ் மேஸ்திரி | ஞாயிறு, இரவு 9.10

தரைக்கு மட்டும் எபாக்ஸி போடுங்கள், தண்ணீரைக் குடிக்காது, கறை ஏறாது. சுவருக்குத் தேவையில்லை. ஆனால் உங்கள் இடுக்கு மயிரிழை என்றால் முதலில் அகலப்படுத்த வேண்டும், அங்கேதான் ஆட்கள் கெடுப்பார்கள். நாலு இஞ்ச் கட்டரைக் கையில் பிடித்து ஓட்டினால் டைல்ஸ் விளிம்பு பொரிந்துவிடும். கையால் சுரண்டும் பிளேடோ, அதிர்கிற சின்ன மெஷினோ வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள். பழையதை இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஆழமாவது எடுக்காமல் மேலே தடவினால் ஆறு மாதத்தில் உரிந்து வரும். எபாக்ஸி போட்டதும் டைல்ஸ் மேல் பட்டதை உடனுக்குடன் ஸ்பாஞ்சால் துடைக்கச் சொல்லுங்கள். காய்ந்துவிட்டால் எடுப்பது பெரும்பாடு.

அந்தக் கதவு மூலையை மட்டும் இன்னும் ஒரு மாதம் கழித்து அடையுங்கள். மறுபடி ஷீட் ஒட்டிப் பார்த்துவிட்டு.

---

குகைப் பொண்ணு | திங்கள், காலை 7.05

அப்பா எப்படி இருக்கிறார் என்று சொல்லவே இல்லையே?

---

அழகாபுரத்தான் | திங்கள், காலை 7.50

நன்றாக இருக்கிறார் அக்கா. செவ்வாய்ப்பேட்டையில் ரப்பர் வைப்பர் ஒன்று நீளக் கைப்பிடியோடு வாங்கி வந்து கதவுக்குப் பின்னால் ஆணி அடித்து மாட்டினேன். குளித்தவர் தரையையும் சுவரையும் இழுத்துவிட்டுத்தான் வெளியே வர வேண்டும் என்று உத்தரவு. பிள்ளைகள் ஏமாற்றுகிறார்கள். அப்பாதான் தவறாமல் செய்கிறார். செய்துவிட்டு, அடுத்து யார் உள்ளே போகிறார் என்று கதவுப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்.